மூடாத கண்ணுக்கு ஒரு விளக்கு

எங்கள் தெருவில் என் அண்ணிக்கு ‘தாடையக்கா’ என்று பெயர். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து சாயங்காலம் இறக்குகிறவரை அவள் வாயில் அதிகம் புழங்குகிற சொல் அதுதான். “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. இன்னும் கொஞ்சம். போதும் போதும், நெஞ்சுல இடிச்சுக்காதீங்க.” பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம், வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் ஒட்டுகிற படம். அண்ணியின் ஸ்டுடியோவில் எடுப்பது இவ்வளவுதான்.

ஒரே கடையை நடுவில் ப்ளைவுட் தட்டி வைத்து இரண்டாக்கியிருக்கிறோம். அந்தப் பக்கம் அவள் கேமரா, இந்தப் பக்கம் என் தையல் மிஷின். தட்டி பேருக்குத்தான். அங்கே தும்மினால் இங்கே ஊசி நூல் ஆடும். ஒட்டுக்கேட்கிறவள் என்று என்னைச் சொல்லாதீர்கள், காதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டா வேலைக்கு வரமுடியும்?

அண்ணிக்கு எதிரி என்று இந்த உலகத்தில் யாராவது உண்டென்றால் அது நிழல்தான். முகத்தில் நிழல் விழுந்த படத்தை அலுவலகங்களில் வாங்கமாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் ஸ்டூலுக்கு இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில், வெளிச்சத்தைப் பரப்புகிற வெள்ளைக் குடை மாட்டிய விளக்கு ஒவ்வொன்று. பின்னால் இருக்கிற வெள்ளைச் சுவருக்குத் தனியாக ஒன்று. மூக்குக்குக் கீழே, காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில் என்று எங்கே ஒரு சொட்டு இருட்டு ஒளிந்திருந்தாலும் தேடிப் பிடித்துத் துரத்திவிடுவாள். கடைசியாகக் கண்ணைப் பார்ப்பாள். கருவிழியில் விளக்கின் வெளிச்சம் சின்னதாக ஒரு புள்ளி போட்டிருக்க வேண்டும். “புள்ளி இல்லாட்டி உயிர் இல்ல. ஆளு உட்கார்ந்திருப்பாரு, படத்துல இருக்கமாட்டாரு,” என்பாள்.

இப்படி நிழலை விரட்டியே காலம் தள்ளிய பொம்பளைக்கு ஓர் ஆசை. ஒருநாள் சாப்பிடும்போது பொசுக்கென்று கேட்டாள்.

“நான் எடுத்த படத்தை யாராவது நின்னு பார்த்திருக்காங்களா? எடுத்துக்கிட்டவங்களே கவர்ல போட்டு, குப்புற வெச்சு, அப்படியே கொண்டுபோறாங்க. ஒரே ஒரு படம். வழியில போற ஒருத்தர் நின்னு பார்க்கணும். அது போதும் எனக்கு.”

“நான்தான் தினமும் உன்னை நின்னு பார்க்கறேனே,” என்றார் என் அண்ணன்.

“நீங்க பார்க்கறது தட்டுல என்ன விழுதுன்னு,” என்றாள் அண்ணி.

அண்ணன் அசடு வழிந்துகொண்டு தட்டை நீட்டினார். நான் சிரித்தேன். என் சிரிப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் குழம்ப வேண்டாம்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாய்த் தண்ணீர் இடது பக்கமாகத் தானாக ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தால் என் முகத்தில் பாதியை யாரோ கீழே இழுத்து விட்டிருந்தார்கள். முகத்து நரம்பில் வீக்கம் என்றார் டாக்டர். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும் என்றார். என் முகம் அந்தப் பெரும்பாலானவர்களோடு சேரவில்லை, பிறந்ததிலிருந்தே அதற்குக் கூட்டம் பிடிக்காது. அன்றிலிருந்து என் சிரிப்பு வலது பக்கத்தோடு நின்றுவிடும். இடது கண் முழுதாக மூடாது. தூங்கும்போது அதற்குச் சொட்டு மருந்து விட்டு, மேலே ஒரு டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கஷ்டம் அதில்லை. மனிதர்கள் என்னோடு பேசுகிற விதம் மாறிப்போனதுதான் எரிச்சல். முகத்தைப் பார்ப்பார்கள், சட்டென்று பார்வையை இறக்கிக்கொள்வார்கள், என் கழுத்தில் தொங்குகிற அளவு டேப்போடு பேசுவார்கள். வாடிக்கையாக வருகிற ஒரு அம்மாள் உண்டு. சட்டைக்குப் பொத்தான் மாற்றிக்கொண்டே இருப்பாள், அதனால் பொத்தான் அம்மா. நல்ல மனசுக்காரி. ஆனால் இத்தனை வருஷமாக என் டேப்பைத்தான் நலம் விசாரிக்கிறாள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். கத்தலாமென்றால், பாவம், எதைச் சொல்லிக் கத்துவது?

அப்போதே அண்ணியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், என்னைப் படம் எடுக்கக்கூடாது என்று. என் அடையாள அட்டையில் இன்னும் பழைய முகம்தான். எந்தக் கவுண்ட்டரில் நீட்டினாலும் அட்டையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், “இது நீங்களா?” என்பார்கள். “இல்ல, என் தங்கச்சி,” என்று ஒருமுறை சொல்லி வம்பில் மாட்டிக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் நாடகக்காரர் வந்து சேர்ந்தார். சின்ன நாடகக் குழு ஒன்றை நடத்துகிறவர். ஒரு பேய் நாடகத்துக்கு உடை தைக்க என்னிடம் வந்தார். கழுத்துவரை பொத்தான் வைத்த, தரையைத் தொடுகிற சாம்பல் நிற அங்கி.

“பேய் என்ன பண்ணும், சார்?” என்று கேட்டேன். கை வீசி நடக்கிற பேய் என்றால் அக்குளில் துணி கூட்டி விட வேண்டும்.

“ஒண்ணும் பண்ணாதும்மா. ஒரு வீட்டுல ஒரு குடும்பம் இருக்கு. அந்த வீட்டுலயே இவளும் இருக்கா. யாரையும் தொடமாட்டா, கத்தமாட்டா. சும்மா பார்ப்பா. அதான் கதை. வாசல்ல வைக்க ஆள் உயரத்துக்கு ஒரு படம் வேணும், நல்ல போட்டோகிராபரா தேடிக்கிட்டு இருக்கேன்.”

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணியின் குரல் வந்தது. “நான் எடுத்துத் தரேன் சார்!”

நாடகக்காரர் தட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் டேப்பைச் சுருட்டினேன். அந்தக் குரலில் இருந்த அவசரம் எனக்குப் புதிது. வெள்ளிக்கிழமை படம் அச்சுக்குப் போகவேண்டும், வியாழக்கிழமை மத்தியானம் நடிகை வருவாள், அதற்குள் வெளிச்சமெல்லாம் பார்த்து வைக்கவேண்டும் என்று பேச்சு முடிந்தது. அவர் போனதும் அண்ணி தட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வாசல்ல வைப்பாங்களாம்டி. ஆள் உயரத்துக்கு!”

அன்றிலிருந்து வீட்டில் ஒரே விசாரணை. பார்க்கிறவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி, “உங்களுக்கு எதைப் பார்த்தா பயம்?” என்று கேட்டாள். அண்ணன் வாயைத் திறந்தார், அண்ணி முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்கள் பல்லி என்றார்கள், லிஃப்ட் என்றார்கள், மாமியார் என்றார்கள். பொத்தான் அம்மா மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, “கதவு லேசாத் திறந்திருந்தா,” என்றாள்.

அந்தப் பதில் அண்ணியைப் பிடித்துக்கொண்டது. “முழுசாத் திறந்திருந்தா பயமில்ல. மூடியிருந்தாலும் பயமில்ல. லேசாத் திறந்திருந்தா மட்டும் ஏன்?” என்று சாதம் வடிக்கும்போதும், துணி மடிக்கும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டுக் கதவுகளையெல்லாம் லேசாகத் திறந்து வைத்து நடுவில் நின்று பார்த்தாள். அண்ணன் குளியலறைக் கதவை மட்டுமாவது விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார்.

வெளிச்சம் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அங்கி என் அளவுக்கும் சரியாக இருந்தது, நடிகையும் நானும் ஒரே உடல்வாகு. “நீ சும்மா நில்லு. படம் வெளிய போகாது, வெளிச்சத்துக்காகத்தான்,” என்றாள் அண்ணி. வேறு யார் கேட்டிருந்தாலும் கத்தரிக்கோலைத் தூக்கியிருப்பேன். சரி, பொம்மைக்குப் பதில் நான் நிற்கிறேன் என்று போய் நின்றேன்.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, மத்தியானத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினோம். முதலில் விளக்கைத் தரையில் வைத்தாள்.

“சூரியன் மேலேயிருந்துதானே வருது. நிழல் எப்பவும் கீழ விழுந்துதான் நமக்குப் பழக்கம். கீழேயிருந்து வெளிச்சம் வந்தா எல்லா நிழலும் தலைகீழா ஏறும். ஏன்னு தெரியாமயே மனசு திக்குங்கும்.”

விஷயம் சரிதான். ஆனால் திரையில் வந்த படத்தில் நான் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடுகிறவள் போலத்தான் இருந்தேன். எல்லாரும் டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துப் பிடித்து அந்தப் பயத்தைச் சிரிப்பாக்கிவிட்டார்கள். பிறகு விளக்குக்குப் பச்சைக் கண்ணாடித்தாள் கட்டினாள். அண்ணன் எட்டிப் பார்த்து, “இருமல் மருந்து விளம்பரமா?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். கெட்டிலில் வெந்நீர் கொதிக்கவிட்டுப் புகை மாதிரி ஆவி விட்டாள். லென்ஸ் வியர்த்துப்போய், நான் எங்கோ மழையில் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் வந்தது.

அதற்குப் பிறகு குடையைக் கழற்றினாள். “குடை போட்டா வெளிச்சம் மெத்துனு பரவும், நிழலோட ஓரம் கரைஞ்சுடும். வெறும் விளக்குன்னா கத்தியில வெட்டின மாதிரி நிற்கும்.” கறுப்பு சார்ட் பேப்பரைக் குழலாகச் சுருட்டி விளக்கின் வாயில் மாட்டினாள். இப்போது வெளிச்சம் ஒரு பிஸ்கட் அளவுக்கு வந்து விழுந்தது. அதை என் நெற்றியில் வைத்தாள், கன்னத்தில் வைத்தாள், பின்னாலிருந்து முடியின் விளிம்பில் மட்டும் ஓடவிட்டாள். இந்த மனுஷியா இத்தனை வருஷம் இரண்டு குடைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள் என்று எனக்கே பிரமிப்பாக இருந்தது. அலுப்பே இல்லை அவளுக்கு. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, “அட! அட!” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் நாடகக்காரர் வந்தார். நன்றாக வந்ததாக அவள் நினைத்த படங்களை அச்செடுத்து மேஜையில் பரப்பியிருந்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கன்னத்தைச் சொறிந்தார்.

“மேடம், தப்பா நினைக்கக்கூடாது. ரொம்ப அழகா இருக்கு. ஆனா பேய் ஏதோ வேலைக்கு விண்ணப்பம் போட்ட மாதிரி இருக்கு.”

அண்ணி மேஜையில் கோணலாகக் கிடந்த ஒரு படத்தை நேராக்கினாள். அவரே மேலே பேசினார்.

“நடிகை நாளைக்கு வந்தாலும் வெளிச்சம் இதேதானே? நாளைக்குக் காலையில ஒருதரம் பார்க்கறேன். சரியா வரலைன்னா கம்ப்யூட்டர்லயே ஒரு மண்டையோட்டைப் போட்டுக்கறோம். சிரமப்படாதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரமப்படாதீங்க என்றால் எழுந்து போ என்று அர்த்தம், அது யாருக்குத் தெரியாது? அண்ணி குடையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த குடை. ஏதாவது சொல்லித் தேற்றலாம் என்று மேஜைப் பக்கம் போனேன், படங்களை முதல் முறையாகச் சேர்த்துப் பார்த்தேன்.

எல்லாவற்றிலும் வெளிச்சம் எனக்கு வலது பக்கமிருந்துதான் வந்திருந்தது. எல்லாவற்றிலும் என் இடது பாதி இருட்டில் போயிருந்தது. விளக்கைத் தரையில் வைத்து எடுத்த படத்தில்கூட முகத்தை லேசாகத் திருப்பவைத்து, இடப்பக்கத்தைத் தலைமுடிக்குள் தள்ளியிருந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்தைப் போய்ப் பார்த்தேன். அண்ணன் மகள் பட்டம் வாங்கியபோது எடுத்தது. நான் வரமாட்டேன் என்றதற்குப் பிள்ளை அழுததால் நின்ற ஒரே படம். அதில் என் இடது கன்னம் அண்ணனின் தோளுக்குப் பின்னால் இருந்தது. கூட்டத்தில் அப்படி ஆகிவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

“இது என்ன அண்ணி?”

“எது?”

“என் பாதி மூஞ்சி எங்க?”

அவள் படத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “நான் வேணும்னு செய்யலடி. கை தானா போகுது. முகத்துல எது... எது வேண்டாமோ அதை மறைச்சே பழகிடுச்சு. நீதானே சொன்ன, என்னைப் படம் எடுக்காதீங்கன்னு?”

“எடுக்காதீங்கன்னு சொன்னேன். பாதி எடுங்கன்னு சொல்லலையே!”

அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். என் இடது கண் எப்போதும் கொஞ்சம் ஒழுகிக்கொண்டே இருக்கும், அதனால் அழுகிறேனா இல்லையா என்று எதிராளிக்குத் தெரியாது. அது ஒரு வசதி.

எனக்குக் கோபம் வந்தால் மூளை வேகமாக ஓடும். மேஜையில் கிடந்த அந்த அழகான, உபயோகமில்லாத படங்களைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்குப் பொத்தான் அம்மாவின் கதவு ஞாபகம் வந்தது.

“அண்ணி, அன்னைக்கு என்னை எழுப்ப வந்து கத்தினீங்களே, ஞாபகம் இருக்கா?”

“எப்போ?”

“டேப் ஒட்டாம தூங்கிட்டேனே. காபி டம்ளரைக் கீழ போட்டீங்களே.”

அண்ணிக்கு ஞாபகம் வந்தது. அன்று நான் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன். வலது கண் மூடியிருந்தது. இடது கண் பாதி திறந்து அவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. அவள் போட்ட அலறலில் அண்ணன் சோப்பு நுரையோடு ஓடி வந்தார்.

“வேண்டாம்,” என்றாள் அண்ணி உடனே. நான் சொல்ல வந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. “உன்னைப் பேயாக் காட்ட எனக்கு மனசு வராது.”

“பேயாக் காட்டுங்கன்னு யார் சொன்னா? கதையில அவ என்ன பண்றா? பார்க்கறா. நானும்தான் பார்க்கறேன். நான் எல்லாரையும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன் அண்ணி, என்னைத்தான் ஒருத்தரும் பார்க்கறதில்ல. நிற்கட்டுமே. வர்றவங்க வாசல்ல நின்னு நல்லாப் பார்க்கட்டுமே!”

சொன்ன பிறகுதான் இது இவ்வளவு நாளாக என் தொண்டையில் இருந்தது என்று எனக்கே தெரிந்தது. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, விளக்கின் காலைப் பிடித்து, எனக்கு இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். சக்கரம் கிறீச்சிட்டது. அந்த விளக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை போலிருக்கிறது.

கஷ்டமான வேலைதான். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடினால் இடது கருவிழி மேலே சொருகிக்கொண்டு வெறும் வெள்ளை தெரிந்தது. “வேண்டாம், இது நோயாளி படம். எனக்கு இது வேண்டாம்,” என்று அண்ணி அழித்துவிட்டாள். “என்னைப் பார்த்துக்கிட்டே மத்த கண்ணை மட்டும் மூடு.” கண்ணடிக்கிற மாதிரி மூடினால் வலது கன்னம் சுருங்கிப்போய், ஏதோ வம்புக்குக் கூப்பிடுகிறவள் போல வந்தது. வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளை அட்டை பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் சிரித்தார். அண்ணி அவரை வெளியே துரத்திவிட்டு அட்டையை நாற்காலியில் சாய்த்து வைத்தாள்.

வலது பக்கத்துக்குக் குடை மாட்டிய விளக்கைத் தூரத்தில் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். மூடிய கண், தளர்ந்த கன்னம், நிம்மதியாகத் தூங்குகிற ஒருத்தி. இடது பக்கத்துக்குக் குடை இல்லாத விளக்கு. அதன் வாயில் கறுப்புக் குழல். பிஸ்கட் அளவு வெளிச்சம் நேராக என் இடது கண்ணில்.

“புள்ளி விழுதா அண்ணி?”

அவள் கேமராவில் கண்ணை வைத்தாள். “விழுது,” என்றாள். “இந்தக் கண்ணுல மட்டும்.”

மனசை இளக்கி, கன்னத்தை இளக்கி, தூக்கம் வருகிற மாதிரி வலது இமையை மெல்ல விட்டேன். இடது கண்ணால் அண்ணியைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். விளக்கு பளிச்சென்றது.

படத்தைத் திரையில் கொண்டுவந்தாள். அவள் விரல் தானாக அழிக்கிற பொத்தானுக்குப் போனது. கண் மூடிய படத்தை வைத்திருப்பது அவள் தொழிலில் பாவம். நான் அந்த விரலை அப்படியே பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம். தூங்குகிறவளுக்குள்ளிருந்து இன்னொருத்தி விழித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். பொத்தான் அம்மா சொன்ன கதவு லேசாகத் திறந்திருந்தது. எனக்கே, அது நான்தான் என்று தெரிந்தும், முதுகு சில்லிட்டது.

“அம்மாடி!” என்றாள் அண்ணி.

மறுநாள் காலையில் வந்த நாடகக்காரர் அந்தப் படத்தின் முன்னால் உட்காரக்கூட மறந்து நின்றார். கடைசியில், “நடிகையை வரவேண்டாம்னு சொல்லிடறேன்,” என்றார்.

நாடகம் ஆரம்பித்த சாயங்காலம் அண்ணியும் நானும் சீக்கிரமே போனோம். அரங்கத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு நான். உள்ளே போகிறவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள், படத்துக்கு முன்னால் பேச்சு நின்றது. ஒருவர் இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தார். ஒரு பெண் தோழியின் கையை இறுக்கிக்கொண்டாள். அண்ணி படத்தைப் பார்க்கவே இல்லை. தூண் ஓரமாக நின்றுகொண்டு, நிற்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிழலில் நிற்கிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

பொத்தான் அம்மாவும் வந்திருந்தாள். படத்தின் முன்னால் நின்றாள். கிட்டே போனாள், தள்ளி வந்து பார்த்தாள். பிறகு சுற்றும் முற்றும் தேடி என்னைக் கண்டுபிடித்தாள். இந்த முறை அவள் கண் என் கழுத்துக்கு இறங்கவில்லை.

“நீதானா அது?”

“நான்தாங்க.”

“அந்தக் கண்ணு...”

“மூடாதுங்க. நரம்புக் கோளாறு.”

அவள் என் இடது கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். “வலிக்குமாம்மா?” என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் டாக்டரைத் தவிர யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. “காத்து பட்டா எரியும்,” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனாள்.

மறுநாள் காலை, முதல் ஆள் வருவதற்கு முன், நான் தட்டியைச் சுற்றிக்கொண்டு போய் அண்ணியின் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“என்னடி?”

“அடையாள அட்டைக்கு. கவுண்ட்டர்ல தங்கச்சி கதை சொல்லி அலுத்துப்போச்சு.”

அண்ணி விளக்குகளைப் போட்டாள். குடைகளை மாட்டினாள். பழக்கதோஷத்தில் அவள் கை இடது பக்க விளக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளப் போனது, பாதியில் நின்றது. பிறகு என் கழுத்திலிருந்த அளவு டேப்பை எடுத்து, ஸ்டூலிலிருந்து அந்த விளக்குக்கும் இந்த விளக்குக்கும் தூரத்தை அளந்து சரியாக வைத்தாள். குனிந்து என் கண்களைப் பார்த்தாள். முதலில் வலது, அப்புறம் இடது.

“ரெண்டுலயும் விழுது,” என்றாள். கேமராவுக்குப் பின்னால் போனாள். “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க.”

இறக்கினேன்.